ஜப்ரிலின் ஒரே நடவு

மராபி மலையின் கிழக்குச் சரிவில் உழைப்புக்குப் பேர்போன ஆண்கள் நிறைய உண்டு. ஜப்ரில் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. ஆனாலும் அந்த வட்டாரத்துக் காப்பிக் கடைகளில் அவன் பெயர் அடிபட்ட அளவுக்கு எந்த உழைப்பாளியின் பெயரும் அடிபட்டதில்லை. உழைக்காமலே பெயர் வாங்குவதும் ஒரு திறமைதான். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

கல்யாணத்தன்று ஊர் வழக்கப்படி அவனுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள். சுத்தான் ராஜோ அமே. பொன்னரசன் என்று அர்த்தம். பொன்னும் இல்லை, அரசும் இல்லை. ஒரு தலையணையும் இரண்டு கைலியுமாக மாப்பிள்ளை மர்தினியின் வீட்டுப் படியேறினார்.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். வயலும் பெண்ணுக்குத்தான். பிறக்கிற பிள்ளைகளும் பெண்ணின் குலத்துக்கே. மாப்பிள்ளைக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், படுக்க ஓர் அறையும் பந்தியில் முதல் தட்டும். அந்த முதல் தட்டை மானத்தோடு சாப்பிட வேண்டுமானால் மனைவி வீட்டு வயலில் மண்வெட்டி பிடித்திருக்க வேண்டும், அல்லது வெளியூர் போய்ச் சம்பாதித்து வந்திருக்க வேண்டும். ஜப்ரில் வெளியூரும் போய்ப் பார்த்தான். ஜாம்பி பேருந்து நிலையத்தில் கறுப்புக் கண்ணாடி விற்றான். ஒரு நோன்புப் பெருநாளுக்குப் போனவன் அடுத்த பெருநாளுக்கு முன்பே, விற்காத கண்ணாடிகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். வந்தவன் கையில் மர்தினி மண்வெட்டியைக் கொடுத்தாள்.

மர்தினிக்கும் அவள் தங்கை யுஸ்னாவுக்கும் பொதுவாக ஒரு வயல் இருந்தது. ஊற்றுக்குக் கீழே, எந்தக் கோடையிலும் வற்றாத வயல். வயல் ஒன்று, அக்கா தங்கை இரண்டு பேர் என்பதால் அவர்களுடைய தாய்மாமன் டத்துவாக் மாங்குத்தோ முறை வைத்துக் கொடுத்திருந்தார். ஒரு நடவு அக்காவுக்கு, அடுத்த நடவு தங்கைக்கு. அறுத்த பிறகு வயல் கை மாறும். டத்துவாக் அதிகம் பேசமாட்டார். வாசலில் ஒரு மணிப்புறாவைக் கூண்டில் தொங்கவிட்டு அது கூவுவதையே காலையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் குலத்தின் தலைவர் அவர்தான். அவர் வாயைத் திறந்தால் அதுதான் சட்டம்.

வயல் அருமையான வயல். கொத்துகிறவனுக்குத்தான் அது நரகம். சேறு முழங்காலுக்கு மேல் வாங்கும். டிராக்டர் இறங்கினால் ஏறாது. எருமைகளை எல்லோரும் எப்போதோ விற்றுவிட்டார்கள். ஆகவே மண்வெட்டி ஒன்றுதான் வழி. யுஸ்னாவின் முறை வந்தால் அவள் கூலிக்கு ஆள் வைத்துக் கொத்திவிடுவாள். அவள் புருஷன் ரிஸ்வால் பெக்கான்பாருவில் சோற்றுக் கடை நடத்துகிறவன், பணம் அனுப்புவான். மர்தினியின் முறை வந்தால் ஜப்ரிலுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், மர்தினியே சேற்றில் இறங்கிக் கொத்துவாள். அந்த இடுப்புக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் தெரியும். அறுவடை முடிந்து வயல் யுஸ்னாவிடம் போன மறுநாளே அது சரியாகிவிடும்.

அப்படியொரு மர்தினி முறையில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. நெல் அறுத்து முடிந்தது. யுஸ்னா புருஷனைப் பார்க்க பெக்கான்பாரு போயிருந்தாள். வயலில் தாள் நின்றது. மர்தினி வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் சத்தத்தோடு கழுவியபடி, தங்கை வந்து பார்க்கும்போது வயல் இந்த அழகில் கிடந்தால் யாருக்கு அசிங்கம், அந்தத் தாளையாவது ஒட்ட அறுத்துப் போட்டால் என்ன, கொத்தத்தான் முடியாது, அறுக்கவுமா முடியாது என்று கேட்டாள். பாத்திரச் சத்தம் தாங்காமல் ஜப்ரில் அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். தரையோடு தரையாக அறுத்தான். குனிந்த இடுப்பு நிமிரச் சோம்பல்பட்டதால் அவ்வளவு ஒட்ட அறுத்தான் என்று காப்பிக் கடையில் சொல்வார்கள். அதை நான் நம்புகிறேன்.

சில நாளில் அறுத்த அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. மறுதாம்பு எல்லார் வயலிலும்தான் துளிர்க்கும். வாத்தும் மாடும் மேய்ந்துவிட்டுப் போகும். ஆனால் இது மண்ணுக்குள்ளிருந்து, புதிதாக நட்ட பயிரைப் போல ஒரே சீராக வந்தது. பக்கத்து ஊர்களில் சிலர் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். ஒருமுறை நட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அறுக்கிறார்கள். சாலிபு என்று அதற்குப் பெயர். ஜப்ரிலுக்கு அது காப்பிக் கடைப் பேச்சாகத் தெரியும். இப்போது வரப்பில் நின்று பார்த்தான். கொத்தாமல் நெல். வாழ்நாளில் முதல் முறையாக அவன் மூளை உடம்பைவிட வேகமாக வேலை செய்தது.

யுஸ்னா ஊரிலிருந்து திரும்பியபோது வயலில் கணுக்கால் உயரத்துக்குப் பயிர் நின்றது. அவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், அறுத்தாச்சுன்னு சொன்னாங்க. வயல்ல என்ன நிக்குது?"

"நெல்லு."

"யாரு நெல்லு?"

"நட்டவங்க நெல்லு. நீ ஏதாச்சும் நட்டியா? நான் ஏதாச்சும் புதுசா நட்டேனா? அதே பயிருதான். இன்னும் முடியல. மாமா என்ன சொல்லியிருக்காரு? ஒரு நடவு உங்க அக்காவுக்கு, அடுத்த நடவு உனக்கு. அடுத்த நடவு வரட்டும், கைகட்டி விட்டுடறேன்."

யுஸ்னா விறுவிறுவென்று படியிறங்கினாள். அவள் தாய்மாமனிடம் போனாள். டத்துவாக் புறாவைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். நடவு என்றுதான் சொன்னேன், அறுப்பு என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை சொல்வதில் வார்த்தைத் தப்பு ஒன்றும் இல்லை என்றார். நெல் நிற்கிற வயலில் மண்வெட்டி போட அந்த ஊரில் யாருக்கும் கை வராது. ஒரு தடவைதானே, பொறுத்துக்கொள் என்று அவளை அனுப்பிவிட்டார்.

ஒரு தடவை என்றா ஜப்ரில் நினைத்தான்? அறுத்தான், ஒட்ட நறுக்கினான், தண்ணீர் கட்டினான். மறுபடி துளிர்த்தது. அதையும் அறுத்தான். மூன்றாவது மறுதாம்பும் துளிர்த்தது. யுஸ்னாவின் பத்தாயம் காலியானது. பரம்பரை வயலில் பாதி உரிமை உள்ளவள் கடையில் கிலோ கணக்கில் அரிசி வாங்கி, அதைக் கைப்பைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். அந்த ஊரில் வீட்டுப் பெண் கடை அரிசி வாங்குவது, மாப்பிள்ளை பட்டினி கிடப்பதைவிடக் கேவலம். ரிஸ்வால் பெருநாளுக்கு வந்தபோது சோற்றில் கை வைத்துவிட்டு, இது நம்ம அரிசி இல்லையே என்றான். அன்றைக்கு அவள் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் வந்த அழுகை அது.

ஜப்ரிலோ காப்பிக் கடையில் சிரட்டையில் காப்பி இலைக் கஷாயமும் வாழைக்காய் வறுவலுமாக விவசாயப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். உழுகிறவன் எல்லாம் முட்டாள் என்பது பிரசங்கத்தின் சாரம். மண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது, அது தூங்கட்டும் என்பான். தூக்கத்தைப் பற்றி அவன் சொன்னால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அந்தத் துறையில் அவனுக்கு அனுபவம் அதிகம்.

"நடாம கொத்தாம நெல்லு விளையுதுன்னா, அந்த வீட்ல மாப்பிள்ளை எதுக்குப்பா?" என்று டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

கடையே சிரித்தது. ஜப்ரிலும் சிரித்தான். ஆனால் வறுவலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அது அவனுக்கு உறைத்திருந்தது.

வெளியே யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மறுதாம்பு தானாக வருகிறது என்பது பாதிதான் உண்மை. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் சில தூர்கள் அழுகிப்போகும், நத்தை தின்றுவிடும், வயலில் அங்கங்கே சொட்டை விழும். செழித்த தூரைப் பிளந்து, வேரோடு எடுத்து, சொட்டை விழுந்த இடத்தில் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி வயல்தான் விளையும். ஆனால் ஊன்றினால் அது நடவு. நடவு என்றால் முறை முடிந்தது, வயல் யுஸ்னாவுக்கு. ஊன்றாவிட்டால் நெல் இல்லை, ஊன்றுவதை யாராவது பார்த்துவிட்டால் வயல் இல்லை.

ஜப்ரில் யோசித்தான். பார்க்க ஆள் இல்லாத நேரம் எது? வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகை. ஊரில் உள்ள ஆண் ஒருத்தன் பாக்கியில்லாமல் பள்ளிவாசலில் இருப்பான். மனைவியிடம் பள்ளிக்குப் போகிறேன் என்பான். பள்ளியில் கேட்டால் வயிற்றுப்போக்கு என்பான். தொப்பியும் நல்ல கைலியுமாக வீட்டை விட்டு இறங்கி, பள்ளிவாசல் பாதையில் பாதி தூரம் நடந்து, வாழைத் தோப்புக்குள் நுழைந்து வயலுக்குப் போய்விடுவான். தொழுகை நடக்கிற நேரம் முழுக்கச் சேற்றில் குனிந்து தூரைப் பிளந்து ஊன்றுவான். ஒவ்வொரு மறுதாம்புக்கும் சில வெள்ளிக்கிழமைகள். அவன் இடுப்புக்கு அந்த நேரத்தில் வலி என்றால் என்னவென்றே தெரியாது.

எல்லா ஆண்களும் இல்லாத நேரத்தைக் கச்சிதமாகக் கண்டுபிடித்த அந்த மகா புத்திசாலி, ஒரே ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டான். ஊரில் உள்ள பெண்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார்கள். வயலும் வீடும் குலமும் அவர்களுடையது. அவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. காப்பிக் கடையிலேயே வாழ்கிறவனுக்கு, ஊர் என்றால் காப்பிக் கடை மட்டும்தான் என்று நினைப்பு.

மூன்றாவது மறுதாம்பு துளிர்த்து வந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை யுஸ்னா மேல் மேட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே அக்கா முறை வயலில் யாரோ தொப்பியோடு குனிந்து எழுந்து குனிந்துகொண்டிருந்தார்கள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நன்றாகப் பார்த்தாள். பிறகு நிதானமாக மீதித் துணியையும் உலர்த்தினாள். அன்று சாயங்காலமே டத்துவாக் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலத்தின் பெரிய வீட்டில் கூடினார்கள். டத்துவாக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புறாக் கூண்டைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தார். மர்தினியும் யுஸ்னாவும் எதிரெதிரே. குலத்துப் பெண்கள் நாலைந்து பேர் வெற்றிலைத் தட்டைச் சுற்றி. ஜப்ரில் மாப்பிள்ளைக்குரிய இடத்தில், கதவோரமாக. அவன் மூத்த மகள் எல்வி தேநீர்த் தட்டோடு நின்றாள்.

யுஸ்னா சொன்னாள். "முதல்ல நான் தொழுறாருன்னுதான் நெனச்சேன் மாமா. பள்ளிக்குப் போக முடியலையோ என்னமோ, பாவம், வயல்லயே தொழுறாருன்னு. அப்புறம் பார்த்தா, தொழுறவரு கையில எதுக்கு நெல்லுத் தூரு?"

பெண்கள் சிரிப்பை வெற்றிலையோடு மென்றார்கள். ஜப்ரில் தொண்டையைச் செருமிக்கொண்டு, களை பிடுங்கினேன், சாய்ந்த பயிரை நிமிர்த்தினேன், ஒரு மாப்பிள்ளை மனைவி வீட்டு வயலைப் பார்க்கக் கூடாதா என்று ஆரம்பித்தான். நல்ல பேச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தூங்குகிற மண் வரைக்கும் வந்திருப்பான். டத்துவாக் கையை உயர்த்தினார்.

"மாப்பிள்ளே, நீளமாப் பேச வேண்டாம். எனக்கு ஒரே கேள்விதான். நட்டீங்களா, நடலையா?"

ஜப்ரில் வாயைத் திறந்தான். டத்துவாக் முடிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க. நட்டேன்னு சொன்னா, முறை முடிஞ்சுது. வயல் யுஸ்னாவுக்கு. நடலேன்னு சொன்னா வயல் மர்தினிகிட்டயே இருக்கும், எத்தனை தடவை துளிர்த்தாலும் இருக்கும். ஆனா அது தானா முளைச்ச நெல்லு. தாய்த்தூருல முளைச்சது தாய் வீட்டுக்கு. அதுல உங்க கை படல. அதனால அதுல உங்களுக்கு ஒரு பேச்சும் கிடையாது. நாளைக்கு யாராச்சும் கேட்டா நானே சொல்லுவேன், அந்த வயலுக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமில்லேன்னு."

புறா கூவியது.

புத்தியுள்ளவன் என்ன சொல்லுவான்? நடலை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய், காலம் முழுக்க அந்த வயல் சோற்றைத் தின்பான். ஜப்ரிலுக்கும் அது தெரியும். நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. மர்தினியைப் பார்த்தான். அவள் பாயின் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். எல்வியைப் பார்த்தான். பதினைந்து வயதுப் பெண், ஆறிப்போகிற தேநீரைப் பிடித்துக்கொண்டு, இவன் வாயையே பார்த்து நின்றாள். அவளும் தாய் வீட்டுப் பிள்ளை. அவள் பெயரோடு அவன் குலம் ஒட்டாது. அந்த வீட்டில் அவன் கை பட்டது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவுமே இல்லை. வெள்ளிக்கிழமைச் சேற்றில் விரல் நுழைத்து ஊன்றிய தூர்கள் மட்டும்தான். ஊன்றிய ஒவ்வொன்றும் வேர் பிடித்திருந்தது.

"நட்டேன் மாமா."

யுஸ்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உழைத்தவன் அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழுந்து போவானா?

"நான்தான் நட்டேன். தூரு பிளந்து, வேரு அறாம எடுத்து, சொட்டை விழுந்த இடத்திலெல்லாம் ஊன்றினேன். ஒண்ணுகூடச் சாகல, போய்ப் பாருங்க. இந்தத் தடவை மட்டும்னு நெனச்சீங்களா? போன தடவையும் நான்தான். அதுக்கு முந்தின தடவையும் நான்தான். தானா முளைச்சுதாம், தானா. தானா முளைச்சா பாதி வயலு மொட்டையாக் கிடந்திருக்கும்."

மர்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

டத்துவாக் மாங்குத்தோ நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு யுஸ்னாவைப் பார்த்து, மாப்பிள்ளை பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டதால் கணக்கு சுலபமாகிவிட்டது என்றார். நடவு மூன்று. மூன்றும் அவள் முறையைத் தள்ளிவிட்டு நட்டவை, ஆகவே மூன்றும் அவளுக்குச் சேர வேண்டியவை. இப்போது வயலில் நிற்கிற பயிரை அவள் அறுக்கட்டும். அதற்குப் பிறகும் இரண்டு நடவு அவளுக்கே. அதுவரை மர்தினி பொறுக்க வேண்டும்.

"தாளு தேஞ்சுபோச்சு மாமா. இதை அறுத்ததும் வயலைப் புதுசா கொத்தித்தான் நடணும். கொத்த ஆளு கிடைக்கல. எல்லாரும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிட்டாங்க" என்றாள் யுஸ்னா. அப்பாவியாகத்தான் சொன்னாள். அவ்வளவு அப்பாவியாக அவள் எப்போதும் பேசியதில்லை.

"ஆளு எதுக்கு?" என்றார் டத்துவாக். "மூணு தடவை நட்ட கை வீட்லயே இருக்கே."

சபை கலைந்தது. எல்வி அப்பாவுக்குத்தான் முதல் கோப்பையைக் கொடுத்தாள். தேநீர் ஆறியிருந்தது. அவன் மிச்சம் வைக்காமல் குடித்தான்.

யுஸ்னா அறுத்து முடித்தாள். அவள் பத்தாயம் நிரம்பியது. அடுத்த வாரம் ஒரு காலை நேரத்தில் ஜப்ரில் மண்வெட்டியோடு ஊற்றுக்குக் கீழே இறங்கினான். இத்தனை நாள் பொய்யாக வலித்த அவன் இடுப்பு அன்று உண்மையாகவே வலித்தது. யாரிடம் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? காப்பிக் கடை ஆட்கள் டோமினோவைப் போட்டுவிட்டு மேட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவன், மண்ணு தூங்குதே சுத்தான், எழுப்பலாமா என்று கேட்டான். ஜப்ரில் மண்வெட்டியை ஓங்கினான். சேறு முழங்காலைத் தாண்டியது. பழைய தூர்களைப் புரட்டிப் புரட்டிப் போட்டான். ஒரு மூலைக்கு வந்ததும் நின்றான். அவன் ஊன்றிய தூர்கள் அந்த மூலையில்தான் அதிகம். வேர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. தன் வேலையையே வெட்டி எடுக்க அவனுக்கு இரட்டை வேலை ஆனது.

வெயில் ஏறியபோது மேட்டில் நின்றவர்கள் அலுத்துப் போய்விட்டார்கள். மர்தினி சிரட்டையில் காப்பி இலைக் கஷாயம் எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள். பதினேழு வருடத்தில் அவள் வயலுக்கு எதையும் கொண்டு வந்ததில்லை. கொண்டு வர வயலில் ஆள் இருந்ததில்லை. அவன் சேற்றுக் கையோடு வாங்கி வரப்பில் உட்கார்ந்தான்.

"மூணு தடவைன்னு சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க" என்றாள்.

"நட்டேனே."

"தெரியும். அடுக்களை ஜன்னல்ல இருந்து பார்த்தா இந்த வயலு நல்லாத் தெரியும். முதல் வெள்ளிக்கிழமையில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜப்ரில் சிரட்டையைக் கீழே வைத்தான். "அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

மர்தினி கொத்திய இடத்தையும் கொத்தாத இடத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க வேலை செஞ்சு அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன். கூப்பிட்டா நின்னுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

ஜப்ரில் சிரட்டையை மறுபடி கையில் எடுத்தான். கஷாயத்தைக் குடித்து முடித்து, சிரட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுபடி சேற்றில் இறங்கினான். அவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அவன் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.